இந்தியா, ஒன்று

அவரிடம் ஒரு சிடி வாங்குவது எளிதான காரியமாக இருக்கவில்லை. பணத்தை நீட்டினால் உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். முதலில் ஒரு கேள்வி வரும்.

"யாரு கேக்கப் போறா?"

நான் முதல்முறை போனபோதும் அதையே கேட்டார். அப்போது புதுச்சேரியிலிருந்து வெளிவந்த ஒரு நாளிதழுக்கு மரக்காணம் வட்டாரச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம், கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்து, கோயில் திருவிழா, உப்பு விலை என்று ஓடிக்கொண்டிருந்த நாட்கள். ஞாயிறு இணைப்புக்கு ஏதாவது புதிதாக வேண்டும் என்றார்கள். உள்ளூர்ப் பெண்களைப் பாடவைத்துப் பதிவு செய்து, தன் சொந்தக் கம்பெனிப் பெயரில் வெளியிடும் ஒரு அம்மாள் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, அங்கே போய் நின்றேன்.

"நான்தான் கேக்கப் போறேன்" என்றேன்.

"நீங்க எழுதறதுக்குக் கேப்பீங்க. அது சேத்தி இல்ல. வூட்ல வேற யாரு இருக்காங்க?"

மனைவி என்றேன். எந்த ஊர்ப் பெண், சமைக்கும்போது பாட்டு போடுவாரா, கூடவே முணுமுணுப்பாரா என்று விசாரித்துவிட்டுத்தான் சிடியை உறைக்குள் நுழைத்தார். அடுத்த வாரம் பேருந்துக்காக நின்றிருந்தபோது சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஏம்பா பேப்பரு, வூட்ல இன்னா சொன்னாங்க?" நிறுத்தத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்குப் பேப்பர் என்று பெயர்.

குள்ளமான உருவம். நாற்பதைத் தாண்டியிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, உப்பளத்துப் பெண்கள் வெயிலுக்கு அணிகிற மாதிரி. உப்பளத்தை விட்டு வந்து பல வருடம் ஆகியும் அந்தச் சட்டையை விடவில்லை. ஒருவருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டும்போது அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். முகம் மரியாதைக்குச் சிரிக்கும், கைக்கு அதெல்லாம் தெரியாது என்பார். விரல் அசையாமல் கேட்டு முடித்த ஒருவர் "நல்லாருக்குது" என்று பணத்தை எடுத்தால், "வேணாங்க, உங்களுக்கு இது புடிக்கல" என்று சிடியைத் திரும்ப அடுக்கிவிடுவார்.

உப்பளத்துக்குப் பிரியும் பாதையின் முனையில் இருந்தது கடை. பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சுவர் முழுக்க உப்புச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். உப்பளத்தில் வேலை விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பெண்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, மதியம் வருவார்கள். ஆடி மாதத்து அம்மன் பாட்டு, நலங்கு, ஒப்பாரி, கூத்துக்காரர்கள் பாடும் நாள் என்றால் கூத்துப் பாட்டு. பதிவு நடக்கும்போது பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்திவைக்க வேண்டும். வாடிக்கையாளர் முணுமுணுத்தால் அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "மாரியாத்தா முடிஞ்சாளா, காத்து அடிக்கலாமா?" என்பார். அந்தக் குரல் விழுந்த பதிவு ஒன்று அப்படியே வெளிவந்துமிருக்கிறது.

யார் கேட்டார்கள் என்று ஏன் அப்படித் துருவுகிறார் என்பதை எனக்குச் சொன்னதும் பஞ்சர் கடைக்காரர்தான். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஊருக்கே தெரியும்.

அவருக்கு ஒரு தங்கை. முதல் கேசட்டில் பாடியது அந்தப் பெண். கேசட் வெளிவந்த அடுத்த கோடையில், உப்பு ஏற்ற வந்த ஆந்திரா லாரியின் ஓட்டுநரோடு போய்விட்டாள். ஒரு வருடம் கழித்துக் கணவனோடு வாசல் வரைக்கும் வந்தாள். அம்மா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா வாசலில் நின்று, அம்மா உயிரோடு இருக்கும் வரைக்கும் இந்தப் பக்கம் வராதே என்றார். அவள் வரவில்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. அந்த ஓட்டுநர் வேறு முதலாளியிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு அவரைப் பற்றியும் பேச்சில்லை. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

அம்மா சொல்லச் சொல்லித்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று சிலர் அவருக்காகப் பேசினார்கள். என்னிடம் அவர் ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசியபோது "நான்தான் சொன்னேன்" என்றார். அம்மாவை அதில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வெளியிட்ட எல்லாவற்றிலும் கடைசிப் பாட்டு தங்கையுடையது. எப்போதும் அதே பதிவு. அம்மன் பாட்டு சிடியிலும் அதுதான், கூத்து சிடியிலும் அதுதான். உறையின் பின்புறத்தில் மற்ற பாட்டுகள் வரிசையாக இருக்கும், கடைசிப் பாட்டுக்கு மட்டும் தலைப்பும் இருக்காது, பாடியவர் பெயரும் இருக்காது. பாத்தியிலிருந்து உப்பை வரப்புக்கு வாரி ஏற்றும்போது பெண்கள் மாற்றி மாற்றிப் பாடுகிற பாட்டு. அதை ஒற்றைக் குரலில் அந்தப் பெண் பாடியிருந்தாள். மூச்சு வாங்குவது கேட்கும். முடிந்ததும் "போதுமாக்கா?" என்று கேட்பதும் பதிவில் இருக்கிறது. அதை வெட்ட அவர் சம்மதிக்கவில்லை.

வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். "எத்த வாங்கினாலும் கடைசிப் பாட்டு ஒண்ணுதான் இருக்குது, ஏமாத்துறியாக்கா?" என்று ஒருவர் கத்தியபோது நான் அங்கே இருந்தேன். "உப்பு ஒண்ணுதான். எல்லாக் குழம்புலயும் போடுறியா இல்லியா?" என்றார். கத்தியவர் அதே சிடியை வாங்கிக்கொண்டு போனார்.

பெரிய கம்பெனிகளின் சிடிகள் சென்னையிலிருந்து மொத்த வியாபாரிகள் வழியாக ஊர் ஊராக இறங்கின. இவருடைய சரக்கை எந்த மொத்த வியாபாரியும் தொடவில்லை. இவர் உப்பு லாரிகளைப் பிடித்தார். மரக்காணத்து உப்பு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இவர் பாட்டும் போனது. வெளியீட்டு நாள் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ இருக்காது. முதல் உப்பு வாரி லோடு ஏறத் தொடங்கும் நாள்தான் வெளியீடு. தார்ப்பாய் கட்டி முடித்த ஓட்டுநர் கடைக்கு வந்து ஒரு கட்டு வாங்கிப் போவார். வழியெல்லாம் லாரியில் பாட்டு ஓடும். உப்பு இறங்குகிற கடையில், சாப்பிட நிறுத்துகிற ஓட்டலில், இரண்டு மூன்று சிடி கொடுத்துவிட்டு வருவார். அடுத்த லோடுக்கு மரக்காணம் வரும்போது, விற்ற காசோடு சேதியும் கொண்டுவர வேண்டும்.

காசு குறைந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். சேதி குறைந்தால் விடமாட்டார். எந்தக் கடையில் கொடுத்தாய், கடையில் பொம்பளைங்க உண்டா, யாராவது திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்களா, தமிழ் பேசுகிற பெண் யாராவது இது எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்டாளா என்று வரிசையாகக் கேட்பார். தேநீர் ஆறுகிறவரை ஓட்டுநர் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு ஓட்டுநர் அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, சாப்பாட்டுக் கடையில் ஒரு பெண் கடைசிப் பாட்டைக் கேட்டு அழுதாள் என்று அளந்துவிட்டார். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் கையால கண்ணத் தொடச்சா?"

ஓட்டுநர் யோசித்து, வலது கை என்றார்.

"அவ எடக்கைக்காரி" என்று எழுந்து போய்விட்டார். அந்த ஓட்டுநருக்கு அதற்குப் பிறகும் கட்டு கொடுத்தார், தேநீர் கொடுத்தார். கேள்வி மட்டும் கேட்கவில்லை. அதுதான் தண்டனை என்று அந்த ஆள் எல்லோரிடமும் சொல்லிப் புலம்பினார்.

லாரிகளில் சிடி போடும் இடம் மறைந்ததும் இது முடிந்தது. புது வண்டிகளில் பென் டிரைவ் செருகும் துளை மட்டுமே இருந்தது. பேருந்து நிலையத்துப் பக்கத்து மொபைல் கடையில் ஒரு மெமரி கார்டு நிறைய ஏற்றிக் கொடுத்தார்கள். அதில் இவர் பாட்டும் ஓசியில் ஏறியது. கடைசிப் பாட்டும் ஏறியது. சிடி அச்சடிக்கிற கம்பெனி, குறைந்தது ஆயிரம் போட்டால்தான் எடுப்போம் என்றது. ஆயிரத்தை ஏற்றிவிட லாரி இல்லை. அந்தக் கோடையில் உப்பு நன்றாக விளைந்தது. அவர் எதையும் வெளியிடவில்லை.

வழி சொன்னவர் பொம்மையார்பாளையத்துக்காரர் ஒருவர். ஆரோவில்லில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை, இவருடைய பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுப்பவர். பாட்டை இணையத்தில் விற்கலாம் என்றார். நடுவில் ஒரு கம்பெனி இருக்கிறது, வருடத்துக்கு ஒரு சிறு கட்டணம். ஒருமுறை ஏற்றினால் உலகத்தில் உள்ள டவுன்லோட் கடைகளுக்கெல்லாம் அவர்களே கொடுப்பார்கள். ஆயிரம் அச்சடிக்க வேண்டாம், மொத்த வியாபாரி வேண்டாம். பெரிய கம்பெனிப் பாட்டு இருக்கிற அதே கடையில் உங்கள் பாட்டும் இருக்கும் என்றார்.

அவர் கேட்டது ஒன்றுதான். "யாரு வாங்கினாங்கன்னு சொல்லுவாங்களா?"

"ஆளு பேரு வராதுக்கா. எந்த நாட்டுல வாங்கினாங்கன்னு மாசா மாசம் வரும்."

சம்மதித்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். பாட்டுகளை ஏற்றத் தொடங்கியபோது இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒரே பதிவைப் பல ஆல்பங்களில் போட்டால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும், ஒருமுறைதான் ஏற்ற முடியும். அடுத்தது, தலைப்பும் பாடியவர் பெயரும் இல்லாமல் எந்தப் பாட்டும் கடைக்குப் போகாது. ஸ்டூடியோக்காரர் கைகளை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா முன்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போய் நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்து, தங்கையின் பெயரைச் சொன்னார். அவ்வளவு வருடத்தில் அந்தப் பெயர் அங்கே சொல்லப்பட்டது அதுதான் முதல்முறை. சத்தம் சரியாக எழும்பாததால் ஸ்டூடியோக்காரர் மறுபடி கேட்டார். இரண்டாவது முறை தெளிவாகச் சொன்னார்.

முதல் மாதத்து அறிக்கை அவருக்கு நல்ல செய்திதான். அம்மன் பாட்டு மலேசியாவில் விற்றிருந்தது. நலங்கு பாட்டைக் கத்தாரில் யாரோ வாங்கியிருந்தார்கள். லாரி போகாத ஊர்களுக்குப் பாட்டு போயிருந்தது. அவர் அவற்றைப் படிக்கவில்லை. தங்கையின் பாட்டுக்கு நேராக எதுவும் இல்லாத கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் எளிமையானது. சிடியில் அந்தப் பாட்டு மற்ற பாட்டுகளின் முதுகில் ஏறிப் போனது. அம்மனுக்காக வாங்கியவர் வீட்டுக்கும் அது சேர்ந்தே போனது. டவுன்லோட் கடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி விலை, தனிக் கதவு. வேண்டியதை மட்டும் எடுத்துப் போகலாம். முகம் தெரியாத ஒரு பெண்ணின் பெயரைத் தேடி யார் வருவார்கள்? இதை ஸ்டூடியோக்காரர் பக்குவமாகச் சொல்ல முயன்றார். "அப்போ தனியா நடந்துதான் போவணும்ன்ற" என்றார் அவர்.

அடுத்தடுத்த மாதங்களிலும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. பிறகு ஒரு மாதம் அதில் எழுத்து இருந்தது. இந்தியா, ஒன்று.

"இந்தியாவுல எங்க?"

"அது வராதுக்கா."

"உப்பு லாரிக்காரன் கடை பேரச் சொல்லுவான். கடையில எத்தினி பெஞ்சுன்னு சொல்லுவான். இம்மாம் பெரிய கம்பெனிக்கு ஊரு பேரு தெரியாதா?"

தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள் என்றார் ஸ்டூடியோக்காரர். எழுதிக் கேட்டும் பார்த்தார். வாங்குபவர் விவரம் தர இயலாது என்று மரியாதையான பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்கு முதலில் புரியவில்லை. அவர் வெளியிட்டவை மாறின. அம்மன், நலங்கு எல்லாம் நின்றுபோய், சின்னச் சின்னப் பதிவுகள் வந்தன. பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓசை, மதியப் பதிவுக்கு வந்த பெண்களின் பேச்சு, அவர் தெருவில் பெய்த மழை. ஒரு நாள் ஸ்டூடியோக்காரருடைய திரையில் அவற்றின் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தேன். தலைப்பு எழுதியே பிழைப்பு நடத்திய எனக்கு அதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

மாடி கட்டியாச்சு. முருங்க மரம் காத்துல வுழுந்துடுச்சு. அம்மாவுக்குக் கண் ஆபரேசன் ஆச்சு. உன் சிநேகிதி பொண்ணுக்குக் கல்யாணம்.

தங்கையின் பெயரைத் தேடி வருகிறவர் கண்ணில் படும்படி, எல்லாவற்றிலும் பாடியவர் இடத்தில் அந்தப் பெயரையும் சேர்த்திருந்தார். காசு கொடுத்து வாங்காவிட்டாலும் தலைப்பை யாரும் படிக்கலாம் அல்லவா? கம்பெனிக்காரர்கள் அதில் கெட்ட வார்த்தை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள் போலிருக்கிறது. எல்லாம் கடைக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு மாதத்தில் அதே வரி வந்தது. இந்தியா, ஒன்று. மோட்டார் ஓசையை யாரோ காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய தலைப்புகளில் ஒரு வார்த்தையைக் குறைக்க முடியாது. ஒருமுறை, "வீட்டுக்கு வா" என்று நேராகவே போடலாமே என்றேன். சினிமாப் பாட்டு மாதிரி இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார். பிறகு, "நான் சொன்ன வார்த்த இன்னும் அப்டியேதானே இருக்குது. அம்மா இருக்காங்களே" என்றார்.

அம்மா இறந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. நான் மாலையோடு போய்ச் சேர்ந்தபோது, பிணத்தைச் சுற்றி உப்பளத்துப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பாட்டு முடிந்ததும் கருவியை ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்து, "இப்பவே ஏத்து தம்பி" என்றார். தலைப்பு: அம்மா தவறிட்டாங்க.

ஸ்டூடியோக்காரர் தயங்கி, கடையில் வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அவர்கள் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்றார். இவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி அன்றைக்கே கிளம்பியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அடக்கம் முடிந்தது. கருமாதியும் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் அந்தப் பாட்டு விற்பனைக்கு வந்தது.

அம்மா சாவையும் விற்றுக் காசு பார்க்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். பஞ்சர் கடைக்காரர் இரண்டு பேரிடம் சண்டை போட்டார். இவர் யாரிடமும் எதுவும் விளக்கவில்லை. அறிக்கை வந்தது. இந்தியா, ஒன்று. ஆனால் யாரும் வரவில்லை. சென்னையிலிருந்து வரும் பேருந்து நிற்கும்போதெல்லாம் அவர் கடைக்குள் ஏதாவது வேலையைத் தேடிக்கொண்டார். வெளியே பார்க்காமல் இருப்பதற்காக.

நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் பத்திரிகைக்கு ஆந்திராவில் தமிழர் உள்ள ஊர்களிலும் வாசகர்கள் உண்டு. படத்தோடு ஒரு விளம்பரம் போடலாம். செலவில்லாமல் நான் ஏற்பாடு செய்கிறேன்.

"இன்னான்னு போடுவீங்க?"

"காணவில்லைன்னு."

"அவ காணாமப் போவல பேப்பரு. நான்தான் போகச் சொன்னேன்."

அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. ஆனால் எனக்குள் வேறொரு சந்தேகம் இருந்தது. ஒரே ஒருவர் சொல்வதை வைத்துச் செய்தி எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இங்கே ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை. ஒரு நாட்டின் பெயரும் ஒரு எண்ணும்தான் இருந்தன. நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்கும் யாராவது வாங்கியிருக்கலாம். ஏதோ ஒரு கல்லூரி மாணவராக இருக்கலாம். இதை எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்தப் பாட்டு எல்லா மொபைல் கடையிலயும் ஓசியில கிடைக்குது. எவனும் காசு குடுக்கறதில்ல. இவ குடுக்குறா. எதுக்குக் குடுக்குறா? குடுத்தாத்தான் எனக்குத் தெரியும்னு குடுக்குறா." பிறகு, "நீங்க சொல்றாப்ல வேற யாராச்சும்கூட இருக்கலாம். கேட்டுப் பாத்துடலாம்" என்றார்.

கேட்ட விதம் அவருக்கே உரியது. அடுத்த கோடையில், முதல் உப்பு லோடு ஏறிய வாரத்தில், இரண்டு பதிவுகளை ஒரே நாளில் வெளியிட்டார். ஒன்றின் தலைப்பு: வர்றேன். மற்றொன்றின் தலைப்பு: வரல. இரண்டையும் அவரே தனியாகப் பின்னறையில் உட்கார்ந்து பதிவு செய்தார். ஸ்டூடியோக்காரரைக்கூட வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். டவுன்லோட் கடையில் ஒவ்வொரு பாட்டிலும் முதல் அரை நிமிடத்தை யாரும் இலவசமாகக் கேட்கலாம். அதை முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டு, இரண்டிலும் முதல் அரை நிமிடத்துக்கு மேல் உப்பு வாரும் ஓசையை மட்டும் வைத்தார். பேச்சோ பாட்டோ, எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகுதான். விஷயத்தை எல்லோரும் கேட்கலாகாது, வாங்குகிறவள் மட்டும் கேட்கட்டும் என்றார்.

எல்லாவற்றையும் வாங்குகிற சேகரிப்பாளராக இருந்தால் இரண்டையும் வாங்குவார். அவளாக இருந்தால் ஒன்றை வாங்குவாள். இதை அவர் எனக்கு விளக்கியபோது, நான் படித்த எந்த விசாரணை முறையைவிடவும் இது சுத்தமாக இருப்பதாக எனக்குப் பட்டது.

முதல் மாதம் இரண்டும் காலி. அடுத்த மாதமும் அப்படியே. உப்பு குவித்து, பனையோலை வேய்ந்து மூடத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாவது அறிக்கை வந்த மதியம் ஸ்டூடியோக்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார். தனியாகப் போய்க் காட்ட அவருக்குத் துணிவில்லை. நாங்கள் இருவரும் போனோம். ஸ்டூடியோக்காரர் மடிக்கணினியை மேசைமேல் வைத்துத் திறந்தார்.

வர்றேன் என்பதற்கு நேரே எதுவும் இல்லை. வரல என்பதற்கு நேரே, இந்தியா, ஒன்று.

பஞ்சர் கடை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இவர் திரையை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரிடம் கற்றுக்கொண்டபடி கையைப் பார்த்தேன். விரல் நுனியால் அந்த ஒன்றைத் தொட்டு, தூசியைத் துடைப்பதுபோல மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கா" என்றார்.

ஸ்டூடியோக்காரர் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. கட்டணம் கட்டும் மாதம் வருகிறது, இனி இந்த இரண்டையும் கடையிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"வரல-ங்கறத எடுத்துடு. அது வித்துடுச்சு. இன்னொண்ணு இருக்கட்டும் தம்பி. மனசு மாறுச்சுன்னா அவ எங்க போய் வாங்குவா?"

அடுத்த வருடம் எனக்குச் சென்னைப் பதிப்புக்கு மாற்றல் வந்தது. அந்தச் சாலையில் போவது குறைந்து, பிறகு நின்றே போனது. இதற்கிடையில் பாட்டை விலைக்கு வாங்கும் வழக்கமே அருகிவிட்டது. மாதச் சந்தா கட்டி, ஓடுவதைக் கேட்கிறார்கள். அந்த முறையிலும் சேரும்படி கம்பெனி அவரிடம் கேட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் ஸ்டூடியோக்காரர் சொன்னார். சும்மா ஓடுகிற பாட்டை யார் வேண்டுமென்று கேட்டார்கள், யாருக்குத் தானாக ஓடியது என்று எப்படித் தெரியும் என்றாராம். விற்பனைக்கு மட்டும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் கட்டணம் கட்டுகிறார்.

சென்ற வாரம் 'வர்றேன்' பதிவைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் அரை நிமிடத்தைக் கேட்டேன். பலகை உப்பை வாரி இழுக்கும் ஓசை, வரப்பில் அதைக் கொட்டும் ஓசை, திரும்ப இழுக்கும் ஓசை. அதற்குப் பிறகு அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆகும் செலவு ஒரு தேநீருக்குக் கொடுப்பதைவிட அதிகமில்லை. ஆனால் நான் வாங்கினால் அடுத்த மாதம் மரக்காணத்தில் ஒருவர் திரையைத் திறந்து, அந்தக் கட்டத்தில் இந்தியா, ஒன்று என்று படிப்பார். சென்னைப் பேருந்து வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். அவருடைய பெயரையும், தங்கையின் பெயரையும், கம்பெனியின் பெயரையும் நான் இங்கே எழுதாததற்குக் காரணம் அதுதான். தலைப்புகளின் வார்த்தைகளையும் சற்று மாற்றியிருக்கிறேன். படிக்கிறவர்கள் நல்ல மனதோடுதான் தேடுவார்கள். அந்தப் பாட்டை வாங்கக்கூடிய ஆள் ஒருவர்தான்.